ஆடிப் பட்டம் பலிக்காத தீவுகள்

அந்தமானில் காய்கறித் தோட்டத்தின் வசந்தம் தை மாதத்தில் பிறக்கிறது. மழை நின்று நிலம் காய்வதற்குள் கிடைக்கும் சில வாரங்களை நம்பித்தான் தீவுவாசிகள் மண்வெட்டியைக் கையில் எடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு ஒரு பழமொழியையும் கொண்டு வந்தன: ஆடிப் பட்டம் தேடி விதை. அந்தமான் மண்ணில் அந்த அறிவுரை பலிக்கவில்லை. இங்கே ஆடி மாதம் விதைத்தால் இரண்டே நாளில் விதை மழையோடு வாய்க்காலுக்குப் போய்விடும். தப்பிப் பிழைத்தது நத்தைக்கு. அதற்கும் மிஞ்சியது வேரழுகலுக்கு.

அதனால் தீவுத் தமிழர்கள் நாட்காட்டியை மாற்றி எழுதிக்கொண்டார்கள். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை கொட்டும். அது ஓய்ந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்து டிசம்பர் வரை நீடிக்கும். ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பிறகு திடீரென்று குழாயை மூடியது போல வானம் வறண்டுவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெய்வது சொற்பம். ஈரம் மிச்சமிருக்கும் மண்ணும் தெளிவான வெயிலும் ஒன்றாகக் கிடைப்பது ஜனவரி, பிப்ரவரியில்தான். வீட்டுத் தோட்டக்காரருக்கு அதுதான் வசந்தம்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. சென்னையிலிருந்து புறப்படும் கப்பல் சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து தீவுகளின் தலைநகரைத் தொட ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர்தான் அந்தத் தலைநகர். உருளைக்கிழங்கும் வெங்காயமும் கடல் கடந்தே வருகின்றன. தக்காளி உள்படப் பல காய்களுக்கும் ஆண்டில் பல மாதங்கள் இதே கதைதான். வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றினால் கப்பல் தாமதமாகும், சந்தையில் விலை ஏறும். மூட்டை வந்து சேர்ந்தாலும் அடியில் பாதி அழுகியிருக்கும். தலைநகரிலிருந்து இன்னொரு கப்பல் மாறிப் போக வேண்டிய சிறு தீவுகளில் நிலைமை இன்னும் மோசம். கொல்லையில் நாலு கத்தரிச் செடியும் ஒரு புடலைப் பந்தலும் இருக்கும் வீடு அந்த வாரங்களில் கவலைப்படுவதில்லை.

பத்து ஏக்கர் கனவு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வசித்தவர்கள் 3,80,581 பேர். அவர்களில் சுமார் 15 சதவிகிதம் பேரின் தாய்மொழி தமிழ். வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்த இடம். மொத்த நிலப்பரப்பான 8,249 சதுர கிலோமீட்டரில் 80 சதவிகிதத்துக்கும் மேல் காடு. அதைத் தொடக் கூடாது. தொட்டால் பழங்குடிகளின் வாழ்வும் ஊற்றுகளின் நீரும் சேர்ந்து போகும். எனவே விளைநிலம் விரிவடைய வழியில்லை. மிச்சமிருப்பது வீட்டைச் சுற்றியுள்ள மண்தான்.

அந்த மண்ணில் ஒன்றரை நூற்றாண்டின் சரித்திரம் புதைந்திருக்கிறது. 1858 மார்ச்சில் ஆங்கிலேயர்கள் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்தே காட்டை வெட்டிக் காய்கறி போடுவது தண்டனையின் ஒரு பகுதியாக இருந்தது. நன்னடத்தைக் கைதிகளுக்குப் பிற்பாடு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் மாயாபந்தர் பக்கம் குடியேறினார்கள். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகளுக்கு இடம் தரப்பட்டது. குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நெல் நிலம், ஐந்து ஏக்கர் மேட்டு நிலம் என்பது கணக்கு. அந்த மேட்டு நிலமே தென்னை, பாக்கு, வாழை, பலா என்று அடுக்கடுக்கான வீட்டுத் தோட்டமாக மாறியது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1969இல் தொடங்கிப் பெரிய நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினரில் தமிழர்களும் உண்டு.

உணவுக்குக் கடலை நம்பியிருப்பதன் விலை என்ன என்பதைத் தீவுகள் ஒருமுறை மிகக் கொடூரமாகக் கற்றன. 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியப் பிடியில் இருந்தபோது கப்பல்கள் நின்றன, பஞ்சம் தலைவிரித்தாடியது. 1945 ஆகஸ்டில், வேறொரு தீவில் பயிரிட அழைத்துப் போவதாகச் சொல்லிப் பல நூறு பேரைக் கப்பலில் ஏற்றிய ஜப்பானியர்கள், ஹேவ்லாக் தீவுக்கருகே அவர்களைக் கடலில் தள்ளினார்கள். கரை சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் பட்டினியால் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் மிகச் சிலர். அந்த ஹேவ்லாக்கிற்கு 2018இலிருந்து சுவராஜ் தீவு என்று பெயர். சுற்றுலாப் பயணிகள் வெண்மணலுக்காகத் தேடிப் போகும் இடம். அதன் பக்கத்திலுள்ள நீல் தீவு, இன்றைய ஷஹீத் தீவு, அந்தமானின் காய்கறிக் கூடை என்று பெயர் வாங்கியிருக்கிறது.

புளித்த மண்ணைத் திருத்துதல்

பச்சைப் பசேலென்ற காட்டைப் பார்த்துவிட்டு மண் வளமானது என்று முடிவுகட்டுவது புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. காட்டின் வளம் மரத்திலும் உதிர்ந்த இலையிலும் இருக்கிறது. மரத்தை வெட்டியதும் ஆண்டுக்கு மூன்று மீட்டர் மழை அந்த வளத்தைக் கழுவிக் கடலுக்கு அனுப்பிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து போய்விடுவதால் மண் அமிலத் தன்மை அடைகிறது. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எரு போட்டாலும் செடிக்குக் கிடைக்காது.

எனவே தைப் பட்டத்துக்கான வேலை மார்கழியிலேயே தொடங்குகிறது. முதலில் மண் பரிசோதனை. போர்ட் பிளேரில் 1978இல் தொடங்கப்பட்ட மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இன்றைய மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், தன் வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக வழிகாட்டுகிறது. அமிலம் இருப்பது தெரிந்தால் விவசாயச் சுண்ணாம்போ டாலமைட்டோ தூவிக் கொத்திவிட வேண்டும். மிதமான அமிலத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் தொடங்கலாம். அடுப்புச் சாம்பலும் உதவும். சுண்ணாம்பையும் பச்சைச் சாணத்தையும் ஒரே நாளில் போடக் கூடாது. தழைச்சத்து அமோனியாவாக ஆவியாகிப் போய்விடும். சுண்ணாம்பு முதலில், இரண்டு மூன்று வாரம் கழித்து மக்கிய எரு என்பதே முறை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கடற்கரையில் கிடக்கும் பவளப் பாறைத் துண்டுகளைப் பொறுக்கிச் சுண்ணாம்பாக்கும் எண்ணம் வேண்டாம். பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. எடுத்தால் வழக்கு.

ஈரம் கோத்துக்கிடக்கும் மண்ணைக் கொத்தினால் அது கட்டி தட்டிச் செங்கல்லாகிவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டிப் பார்ப்பது பழைய முறை. உருண்டை உதிர்ந்தால் கொத்தலாம். களிமண்ணாக ஒட்டிக்கொண்டால் இன்னும் நாலு நாள் பொறுக்க வேண்டும்.

பாத்தி விஷயத்திலும் தீவுக்கென்று ஒரு தலைகீழ் விதி உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் வடிய ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி வேண்டும். அதே மேடு தையில் இருந்தால் நாலு பக்கமும் காய்ந்து தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும். ஆகவே மழை முடிந்ததும் மேட்டைச் சரித்து, தரைமட்டத்துக்குச் சற்றுத் தாழ்ந்த பாத்தியாக மாற்ற வேண்டும். மே மாதம் வந்ததும் மறுபடி மேடு. வீடு சரிவில் இருந்தால், அங்கே பல வீடுகள் அப்படித்தான், பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே ஓட வேண்டும். கீழ்விளிம்பில் அன்னாசியையோ வெட்டிவேரையோ வரிசையாக நட்டால் மண் நகராது.

எருவுக்குத் தீவில் பஞ்சமில்லை, கண் வேண்டும் அவ்வளவுதான். வேலிக்கு நட்ட கிளைரிசிடியா அடிக்கடி கழித்துவிடத் தழையைத் தந்துகொண்டே இருக்கும். தேங்காய் மட்டை கொல்லைக்குக் கொல்லை குவிந்து கிடக்கும். அந்த மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி பாத்திக்கடியில் அல்லது மரத்தைச் சுற்றிய பள்ளத்தில் அடுக்கிப் புதைப்பது தென்னை விவசாயிகளின் பழைய உத்தி. மட்டை பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். ஆனால் எருக்குழியை ஆண்டுக்கணக்கில் கிளறாமல் விட்டுவைக்கக் கூடாது. தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அங்கேதான். மாதம் ஒருமுறை கிளறினால் சுருண்டு படுத்திருக்கும் வெள்ளைப் புழுக்கள் வெளியே வரும். கோழிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு டிரம், இரண்டு நாள்

தோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது நிலம் அல்ல, தண்ணீர். தலைநகரின் குடிநீருக்குப் பெரும் ஆதாரம் தனிக்காரி அணை. மழை குறைந்த ஆண்டுகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் குழாயில் நீர் வருவது ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல் இடைவெளி விட்டு என்று சுருங்கிவிடும். ஆண்டுக்கு மூன்று மீட்டர் மழை பெய்யும் ஊரில் குடத்தோடு வரிசையில் நிற்பது வேடிக்கையான உண்மை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். 50 சதுர மீட்டர் கூரையின் மேல் ஓராண்டில் விழும் நீர் சுமார் 1,50,000 லிட்டர். சேர்த்து வைக்க இடம்தான் இல்லை. கோடையில் காய்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டருக்குத் தினம் ஏறத்தாழ ஐந்து லிட்டர் வேண்டும். 20 சதுர மீட்டர் தோட்டம் என்றால் நாளைக்கு 100 லிட்டர். 200 லிட்டர் டிரம் இரண்டே நாளில் காலி. நூறு நாளுக்கு 10,000 லிட்டர் தேவை. கூரை நீரைத் தொட்டியில் தேக்கியவரோ உறைகிணறு உள்ளவரோதான் அவ்வளவு பெரிய தோட்டத்தை எண்ணிப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்குச் சமையலறையே ஊற்று. அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், அலசிய நீர் என்று ஒரு குடும்பத்தில் நாளைக்கு 40 லிட்டர் தேறினால் எட்டு சதுர மீட்டருக்கு ஆயிற்று. ஒரு சிறு குடும்பத்தின் கீரைக்கும் பச்சை மிளகாய்க்கும் அது போதும். சோப்பு கலந்த நீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடலாம். காய்ந்த தென்னோலையும் இலைச் சருகும் கொண்டு பாத்தியை நான்கு விரல் கனத்துக்கு மூடினால் தேவை கணிசமாகக் குறையும். பூசணி, சுரைக் குழிகளின் நடுவே வாய் மட்டும் தெரியும்படி ஒரு மண்பானையைப் புதைத்து நீர் ஊற்றி மூடிவைத்தால், பானை கசிந்து வேரை நனைக்கும். நீர் சேர்க்கும் எந்தப் பாத்திரத்தையும் வலை கட்டி மூட வேண்டும். இல்லையென்றால் தோட்டத்தோடு கொசுவும் செழிக்கும்.

நீர் ஊற்றும் நேரத்தையும் தீவின் சூரியன்தான் நிர்ணயிக்கிறது. இந்தியாவின் கிழக்கோரத்தில் இருந்துகொண்டு டெல்லிக் கடிகாரத்தைப் பின்பற்றுவதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அலுவலகம் விட்டு வருபவருக்குத் தோட்டம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் காலை வேளையே நீர் ஊற்றும் வேளை.

வாடும் செடியும் ஊரும் நத்தையும்

கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளை மார்கழியிலேயே கூரைக்கடியில் தட்டிலோ பழைய பெட்டியிலோ வளர்த்துவிட வேண்டும். நான்கைந்து வாரத்தில் நடவுக்குத் தயாராகும். அதற்கு முன் ஒரு கேள்வி: போன ஆண்டு அந்தப் பாத்தியில் என்ன இருந்தது?

தீவின் தக்காளித் தோட்டங்களைக் காலி செய்யும் வியாதி பாக்டீரியா வாடல். நேற்று வரை பச்சையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே இன்று தலை தொங்கிவிடும். நீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். கிருமி அந்த ஈரத்தோடு அடுத்த செடிக்குப் போகும். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். வாடிய செடியின் தண்டைக் குறுக்கே வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டால் சில நிமிடங்களில் வெள்ளை நூல் போலக் கசிவு இறங்கும். அப்படி இறங்கினால் வாடல்தான். செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது. அந்தப் பாத்தியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். காராமணி, கீரை, மக்காச்சோளம் போடலாம்.

ரகத் தேர்வும் கை கொடுக்கும். பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ஆபா, அர்க்கா அலோக், அர்க்கா ரக்ஷக் ஆகியவை வாடலைத் தாங்கும் தக்காளிகள். கத்தரியில் அர்க்கா கேசவ், அர்க்கா நிதி உண்டு. தீவு ஆராய்ச்சி நிறுவனமும் வாடல் தாங்கும் கத்தரி ரகத்தை உருவாக்கியிருக்கிறது. இன்னொரு வழி ஒட்டுக் கட்டுவது. வற்றல் குழம்புக்குப் போடும் சுண்டைக்காய்ச் செடியின் வேரை இந்தக் கிருமி எளிதில் அசைக்க முடியாது. சுண்டை நாற்றின் மேல் கத்தரியையோ தக்காளியையோ ஒட்டினால், வேர் காட்டுக்காரனுடையது, காய் வீட்டுக்காரனுடையது.

இரண்டாவது எதிரி யுத்தத்தின் மிச்சம். ஆப்பிரிக்கப் பெருநத்தை அந்தமானுக்குள் நுழைந்தது ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது. ஜப்பானியர்கள் போய்விட்டார்கள், நத்தைகள் போகவில்லை. மழை இரவுகளில் புறப்பட்டு நாற்றங்காலை விடிவதற்குள் மொட்டையடித்துவிடும். தையில் மண் காயும்போது அவை ஓட்டை மூடிக்கொண்டு மட்டைக் குவியலிலும் கல் இடுக்கிலும் உறங்கப் போகின்றன. வேட்டைக்கு அதுவே நல்ல தருணம். தோட்டத்தைத் துப்புரவு செய்து, மறைவிடங்களைக் கிளறிப் பொறுக்கினால் அடுத்த மழைக்கான படை பாதியாகும். மழைக்காலத்தில் மாலையில் நனைந்த சாக்கையும் பப்பாளி இலையையும் விரித்து வைத்தால் அடியில் வந்து கூடும். பொறுக்கியதை வாளியில் கெட்டியான உப்பு நீரில் போட வேண்டும். மண்ணில் உப்பைத் தூவினால் நத்தையோடு செடியும் சாகும். வெறுங்கையால் தொடக் கூடாது. மனித மூளையைத் தாக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழுவை இந்த நத்தை சுமக்கக்கூடும். அது ஊர்ந்த கீரையைப் பச்சையாகத் தின்னாமல் நன்றாகக் கழுவிச் சமைப்பதே பத்திரம்.

மூன்றாவது விருந்தாளி ஆங்கிலேயர்களின் உபயம். வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள், புலியோ சிறுத்தையோ இல்லாத காட்டில் பெருகிவிட்டன. காட்டோரக் கிராமங்களில் இரவில் தோட்டத்துக்குள் புகுந்து காராமணியையும் வெண்டையையும் ருசி பார்க்கின்றன. மானைத் தொட முடியாது, சட்டம் குறுக்கே நிற்கும். ஆள் உயரத்துக்கு மேல் மூங்கில் வேலியும் பழைய மீன் வலையுமே நடைமுறையில் உள்ள பாதுகாப்பு.

என்ன போடலாம்?

தைப் பட்டத்தின் கணக்கு வேகம். ஏப்ரல் வறட்சிக்குள் காயைப் பறித்துவிட வேண்டும். கீரை 25 முதல் 30 நாளில், முள்ளங்கி 45 நாளில், வெண்டை 50 நாளில், வெள்ளரியும் காராமணியும் அதை ஒட்டிக் கைக்கு வரும். தக்காளி நட்ட இரண்டு மாதத்துக்குமேல் எடுக்கும் என்பதால் அதற்கு முதல் உரிமை. கீரையை ஒரே நாளில் முழுப் பாத்தியிலும் விதைக்காமல், பத்து நாளுக்கு ஒரு துண்டாக விதைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். சுரை, பீர்க்கு, பாகலைக் குழிகளில் ஊன்றிக் கொடியைப் பந்தலில் ஏற்றிவிடலாம். பழ ஈ துளைத்த பிஞ்சுகளைக் கீழே கிடக்கவிடாமல் பொறுக்கி ஆழப் புதைத்தால் பாதிப் பாகலாவது பிழைக்கும்.

விதையும் கப்பலில் வருவதுதான். ஈரக் காற்றில் விதையின் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாத பாட்டிலில் அடியில் உலர்ந்த சாம்பல் போட்டு மூடிவைக்கிறவர்கள் அடுத்த பட்டத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மழை மாதங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. கொத்துமல்லி அங்கே மழையில் நிற்காது. அந்த இடத்தைப் பர்மா தனியா பிடித்துக்கொண்டிருக்கிறது. ரம்பம் போன்ற விளிம்புள்ள நீண்ட இலை, நிழலிலும் வளரும், கொத்துமல்லி வாசம் தூக்கலாக வரும். அதோடு கொடிப்பசலை, தவசி முருங்கை, சேம்பு, கருணை, வள்ளிக் கிழங்குகள், மரவள்ளி ஆகியவை எந்த மழைக்கும் அசராதவை. தமிழ்நாட்டில் ஏழையின் உணவாக ஒதுக்கப்பட்ட கிழங்குகளே தீவில் மழைக்கால மானத்தைக் காப்பாற்றுகின்றன.

பழ மரங்களுக்குத் தையில் குழி, வைகாசியில் கன்று என்பது விதி. கோடையிலேயே இரண்டு முதல் மூன்றடிக் குழி எடுத்து வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணும் எருவும் கலந்து நிரப்பி வைக்க வேண்டும். முதல் மழை மண்ணை அமர்த்திய பிறகு மே இறுதியிலோ ஜூனிலோ கன்று வைத்தால் ஏழு மாத மழை அதை வளர்த்துவிடும். தையிலேயே கன்று வைப்பவர் மூன்று மாதம் குடம் சுமக்க வேண்டும். சரிவில் கன்றின் கீழ்ப்பக்கம் பிறைவடிவ அணை போட்டால் நீரும் மண்ணும் நிற்கும். பப்பாளியின் அடியில் ஒரு நாள் நீர் தேங்கினாலும் அழுகும் என்பதால் அதற்கு மட்டும் மேடு. வாழைக்கு அகலமான இலைக் கன்றை விட்டு, வாள் போன்ற இலையுள்ள பக்கக்கன்றை எடுப்பது நல்லது. கொய்யா, எலுமிச்சை, சப்போட்டா, பலா எல்லாம் வருகின்றன. சிவப்புச் சாற்றுப் பழமான கூன் ஃபல்லும், நோனியும் ஆராய்ச்சிப் பண்ணையைத் தாண்டிக் கொல்லைகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன.

கடல் உள்ளே வந்த நாள்

2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த நிலநடுக்கமும் சுனாமியும் தீவுகளின் தோட்ட வரைபடத்தையே மாற்றின. வட அந்தமானின் கரை மேலே எழும்பியது. தென் அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட் பகுதியில் நெல் விளைந்த தாழ்நிலங்களுக்குள் கடல்நீர் நிரந்தரமாகக் குடியேறியது. நிக்கோபாரில் கச்சால் உள்படப் பல தீவுகளில் ஊர்களே போயின. தென்னந்தோப்புகள் நின்ற இடத்தில் உப்பு நீர் நிற்கிறது.

அலை வந்துவிட்டுத் திரும்பிப் போன நிலங்களுக்கு மட்டும் மழை கை கொடுத்தது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்துவிட, உப்பு கரைந்து வெளியேறியது. அதன் பிறகு ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை அகலப் பாத்தியும் அகழியும். தாழ்நிலத்தில் நீளமாகப் பள்ளம் தோண்டி, எடுத்த மண்ணைப் பக்கத்தில் அகலமான மேடாகக் குவிக்கிறார்கள். மேட்டின் உப்பை மழை கழுவிவிடுகிறது, பள்ளத்தில் மழைநீர் தேங்குகிறது. மேட்டில் காய்கறி, பள்ளத்தில் மீன், கோடைக்குப் பாசன நீர் என்று ஒரே ஏற்பாட்டில் மூன்று பலன். கொல்லையின் ஒரு மூலை உப்பேறிக் கிடக்கும் வீடுகள் இதையே சிறிய அளவில் செய்து பார்க்கலாம். அங்கே முதலில் வைக்க வேண்டியவை உப்பைத் தாங்கும் தென்னை, சப்போட்டா, நோனி.

தோட்டம் போடுவதில் தீவின் மூத்த ஆசிரியர்கள் நிக்கோபாரிகள். துஹேத் என்ற கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தமான அவர்களுடைய தோட்டத்தில் தென்னை, தாழை, வாழை, பப்பாளி, கிழங்கு எல்லாம் ஒன்றின் நிழலில் ஒன்று வளரும். பாத்தி இல்லை, வரிசை இல்லை. வெறும் மண் மழைக்கு முகம் காட்டுவதும் இல்லை. ரசாயன உரத்தை ஏறெடுத்தும் பார்க்காத அந்த மரபுக்கு 2021இல் அரசு முத்திரை கிடைத்தது. கார் நிக்கோபாரும் நான்கௌரித் தீவுக் கூட்டமும் அடங்கிய 14,491 ஹெக்டேர், பெரும்பரப்புச் சான்றளிப்புத் திட்டத்தின் கீழ் நாட்டிலேயே முதலாவதாக இயற்கை வேளாண் நிலமாக அறிவிக்கப்பட்டது.

ஸ்ரீ விஜயபுரத்தின் சரிவுகளில் நாலு பாத்தி போட்டிருக்கும் குடும்பத்துக்குச் சான்றிதழ் எதுவும் வரப்போவதில்லை. வீட்டுத் தோட்டம் கப்பலை நிறுத்திவிடாது. உருளையும் வெங்காயமும் கடல் கடந்து வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் பங்குனியில் கடல் கொந்தளித்து, சந்தைக்கு லோடு வரவில்லை என்ற செய்தி பரவும் நாளில், கொல்லைக் கதவைத் திறந்து ஒரு கை கீரையும் நாலு வெண்டைக்காயும் பறித்து வர முடிகிற வீட்டில் அடுப்பு வழக்கம்போல எரியும். அதற்கான வேலை மழை நின்ற மறுவாரம் தொடங்குகிறது. ஆடிக்குக் காத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் இருக்கட்டும்.